ஊர்ப் பொங்கல் போட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பாதி தாண்டிவிட்டால் மன்னார்குடி, வலங்கைமான், பாபநாசம், குத்தாலம் பக்கத்து ஊர்களில் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் ரசீதுப் புத்தகத்தோடு கிளம்பிவிடுவார்கள். கோலப்போட்டி, கபடி, சாக்கு ஓட்டம், உறியடி, பேச்சுப் போட்டி என்று இரண்டு நாளைக்கு ஊர் முழுக்கத் திடலில்தான் இருக்கும். நான் பல ஊர்களில் நடுவராக இருந்திருக்கிறேன், நடத்தும் குழுவிலும் வேலை பார்த்திருக்கிறேன். புதிதாக நடத்தப்போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அவர்கள் கேட்காமல் விட்டுப் பிறகு அவதிப்படும் விஷயங்களும் இதில் உண்டு. தோற்றவர் வீடு திரும்பும்போது "சரி, நியாயமாத்தான் தோத்தோம்" என்று நினைத்தால் அது நல்ல போட்டி. பதில்கள் எல்லாம் இந்த ஒன்றை மனத்தில் வைத்துத்தான் சொல்லப்பட்டிருக்கின்றன.

எந்த நாளில் வைக்கலாம்?

காணும் பொங்கல்தான் சரி. பொங்கலன்று அடுப்படியிலிருந்து பெண்கள் வெளியே வர மதியம் ஆகிவிடும். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை கட்டி, சாயங்காலம் பொங்கல் வைத்துப் படைப்பதற்குள் ஆண்களுக்கு நேரம் போய்விடும். காணும் பொங்கலுக்குள் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறவர்கள் வந்து சேர்ந்திருப்பார்கள், வீடும் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். கபடி மட்டும் முந்தின இரவே தொடங்கலாம்.

அறுத்த வயல் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே நடத்தலாமா?

வேண்டாம். தை பிறக்கும்போது சம்பா பெரும்பாலும் வயலில்தான் நிற்கும். முந்தி அறுத்த ஒன்றிரண்டு வயல் வெறுமையாகத் தெரிந்தாலும் அது காலி இல்லை. நம் பக்கத்தில் அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவார்கள். குனிந்து பார்த்தால் தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்ட முளை தெரியும். நூறு பேர் ஒரு மணி நேரம் மிதித்தால் அந்தக் குடும்பத்தின் கோடைக்கால வருமானம் அதோடு போச்சு.

பள்ளிக்கூடத் திடல் நல்ல இடம். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காவிரி வண்டல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், கால் விரல் உள்ளே போய்ச் சிக்கினால் கணுக்கால் பிசகும். இரண்டு நாள் முன்பே வெடிப்பில் மண் போட்டு மூடி, தண்ணீர் விட்டு, மிதித்துச் சமன் செய்யுங்கள். கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம். கபடியில் முகம் தரையில் உரசும், கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. கோலமாவே போதும்.

யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்?

ஊராட்சியில் ஒரு கடிதம், காவல் நிலையத்தில் ஒரு கடிதம். மைக் செட்டுக்குத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. ராத்திரி கபடி நடத்துகிறவர்கள் பத்து மணிக்கு மேல் விசிலோடு நிறுத்திக்கொள்ளலாம். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் உங்களை வாழ்த்துவார்கள்.

எங்கள் தெரு மன்றம்தான் நடத்துகிறது. மற்ற தெருக்காரர்களைச் சேர்க்க வேண்டுமா?

தெருப் பெயரில் நடத்தினால் உங்கள் இஷ்டம். ஊர்ப் பெயரைப் போட்டு நோட்டீஸ் அடித்தால் ஊரில் இருக்கும் எல்லாத் தெருவும் வர வேண்டும், காலனியும் சேர்த்துத்தான். "யார் வேண்டுமானாலும் வரலாமே, நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே" என்பது பதில் ஆகாது. நேரில் போய்க் கூப்பிடுங்கள், குழுவில் அந்தத் தெருப் பிள்ளைகள் இருவரைப் போடுங்கள், மைக் முன்னால் அவர்களையும் நிறுத்துங்கள். சில ஊர்களில் கோயில் வாசல் திடலுக்கு வரச் சிலர் தயங்குவார்கள். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் இடத்தை மாற்றுங்கள். பாதி ஊர் எட்ட நின்று வேடிக்கை பார்க்கும் போட்டியில் வாங்குகிற முதல் பரிசுக்கு மதிப்பில்லை. சாக்கு ஓட்டத்தில் அடுத்தடுத்த கோட்டில் நின்ற பிள்ளைகள் மறுநாள் குளத்தில் ஒன்றாகக் குதிக்கப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸில் பெயர் போடுவதிலேயே சண்டை வருகிறது. என்ன செய்ய?

அகர வரிசை. நாட்டாமை, கவுன்சிலர், வெளிநாட்டில் இருப்பவர், அதிகம் பணம் கொடுத்தவர், எல்லாரும் அகர வரிசையில்தான். கட்சிக்கொடி திடலுக்குள் வேண்டாம். நோட்டீஸில் மிச்சமாகும் இடத்தில் போட்டி விதிகளை அச்சடியுங்கள். எத்தனையோ நோட்டீஸ்களில் உபயதாரர் படம் முக்கால் பக்கம் இருக்கும், விதி என்று கடைசி வரியில் "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்பது மட்டும் இருக்கும். நடுவர் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வார் என்பதை முதலில் போட்டால்தான் அந்தக் கடைசி வரிக்கு மரியாதை.

நடுவராக யாரைக் கூப்பிடலாம்?

வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், ஊரில் பெண் கொடுத்தவர் எடுத்தவராக இருக்கக் கூடாது. கேட்க எளிது, ஆள் கிடைப்பது கஷ்டம். பக்கத்து ஊர்ப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், ஓவிய ஆசிரியை, தமிழாசிரியர் என்று முயற்சி செய்யுங்கள். ஒரு போட்டிக்கு மூன்று பேர் வையுங்கள். அவர்கள் தனித்தனித் தாளில் மதிப்பெண் போட வேண்டும், ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. கூட்டிப் போடுவது நாலாவது ஆள்.

தலைமை தாங்க வந்த பிரமுகரை மரியாதைக்காக நடுவர் நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். அவருக்குப் பரிசு வழங்கும் வேலை இருக்கிறது. நடுவருக்குப் போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் கொடுங்கள், அவரை யார் வீட்டுக்கும் சாப்பிட அனுப்பாதீர்கள். திடலிலேயே எல்லாரோடும் இலை போடுங்கள். போட்டியில் நிற்கும் பெண்ணின் வீட்டுத் திண்ணையில் நடுவர் காபி குடித்தார் என்பது போதும், அப்புறம் அவர் எவ்வளவு நேர்மையாக மதிப்பெண் போட்டாலும் ஊர் நம்பாது.

கோலப்போட்டிக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

எனக்கு மிகவும் பிடித்த போட்டி இது. அதிகம் மனக்கசப்பு வருவதும் இதில்தான்.

முதலில் பிரிவு. புள்ளிக் கோலமும் சிக்குக் கோலமும் ஒரு பக்கம், ரங்கோலி இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் கலர்ப்பொடிதான் ஜெயிக்கும். குடமுருட்டிக் கரை ஊர் ஒன்றில் ஒரு வயதான அம்மா 15 புள்ளி வைத்து, இடுக்குப் புள்ளியாக, அதாவது இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி வரும்படி, 8-இல் முடித்து, சிக்குக் கோலம் போட்டார். கட்டை விரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவிலிருந்து மாவு நூல் மாதிரி விழுந்தது. குனிந்த இடுப்பு நிமிராமல் பின்னாலேயே நகர்ந்து போனார், கடைசி வளைவு தொடங்கின இடத்தில் வந்து சேர்ந்தபோது எங்கே ஆரம்பித்தார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் பரிசு என்னவோ அடுத்த கட்டத்தில் இருந்த ஏழு கலர் மயிலுக்குப் போனது. மயிலும் அழகுதான், அந்தப் பெண்ணின் உழைப்பும் பெரிதுதான். ஆனால் இரண்டும் வேறு வேறு வித்தை. அடுத்த வருஷம் அந்த ஊரில் பிரிவு இரண்டாயிற்று.

அடுத்து மாவு. எல்லாருக்கும் ஒரே அளவு வெள்ளை மாவைக் குழுவே கொடுத்துவிடுங்கள். ரங்கோலிக்கும் அதே மாதிரி, ஐந்து கலர் பொட்டலம் ஆளுக்கு ஒன்று. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பெண் கடையில் பத்து நிறம் வாங்கிக்கொண்டு வர முடியாது. திறமையில் தோற்றால் பரவாயில்லை, பொட்டலத்தில் தோற்கக் கூடாது.

கட்டம் ஐந்து அடிக்கு ஐந்து அடி, நேரம் ஒரு மணி. அச்சு, கோலக்குழல் கூடாது என்றால் முதலிலேயே சொல்லுங்கள். செல்போனைப் பார்த்துப் போடலாமா என்பதையும் சொல்லுங்கள். என் கருத்து: ரங்கோலிக்குத் தாளில் வரைந்துகொண்டு வரலாம், புள்ளிக் கோலத்துக்கு எதுவும் வேண்டாம். "மழைநீரைச் சேமிப்போம்" மாதிரி கருத்து எழுதினால்தான் பரிசு என்று நினைத்திருந்தால் அதை நோட்டீஸில் போடுங்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டுக் கடைசியில் விழிப்புணர்வுக் கோலத்துக்குப் பரிசைத் தூக்கிக் கொடுப்பது அநியாயம்.

நடுவர் கோலம் முடிந்த பிறகு வந்து பார்க்கக் கூடாது, போடும்போதே சுற்றி வர வேண்டும். சிக்குக் கோலத்தில் கவனிக்க வேண்டியவை: இழை எங்கேயும் அறுந்து நிற்கிறதா, ஒவ்வொரு புள்ளியும் இழைக்குள் அடங்கியிருக்கிறதா, ஆரம்பத்தில் இருந்த தடிப்பு கடைசி வரை இருக்கிறதா. கை எடுத்து மறுபடி தொட்ட இடத்தில் மாவு சின்னதாகக் குமிழும், உற்றுப் பார்த்தால் தெரியும். நான் இழைக்கு 40, அமைப்புக்கு 30, புள்ளி ஒழுங்குக்கு 20, நேரத்துக்கு 10 என்று போடுவேன். நீங்கள் வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோலம் போடக் குனியும் முன் எல்லாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கட்டத்தில் பெயர் எழுத வேண்டாம், எண் போதும்.

டிவியில் நடப்பது போல மக்கள் ஓட்டு வைக்கலாமா? வாட்ஸ்அப் குரூப்பில் யாருக்கு அதிக லைக் என்று பார்க்கலாமே?

நாட்டுப்புறப் பாட்டு பாடிவந்த புதுக்கோட்டை மாவட்டத்துச் செந்தில் கணேஷ் 2018-இல் சூப்பர் சிங்கரில் வென்றபோது நம் பக்கமெல்லாம் ஒரே சந்தோஷம். அங்கே ஓட்டுப் போடுகிறவர்கள் தமிழ்நாடு முழுக்கவும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் ஓட்டு வைத்தால் என்ன நடக்கும்? பெரிய தெருப் பெண் ஜெயிப்பாள், அல்லது சொந்தக்காரர் அதிகம் உள்ள பையன் ஜெயிப்பான். போன வருஷம்தான் கல்யாணமாகி வந்த மருமகளுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? அவள் பாட்டைக் கேட்கவே மாட்டார்கள். படத்தைக் குரூப்பில் போட்டுப் பாராட்டுங்கள், பரிசை நடுவர் முடிவு செய்யட்டும்.

கபடிக்கு எந்த விதிப்படி ஆடுவது?

முறையான ஆட்டத்தில் ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள ஆடுகளம், பெண்களுக்கு 12-க்கு 8. ஆடுகிறவர் ஏழு பேர், வெளியே ஐந்து பேர். ஆண்களுக்கு இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி, நடுவே ஐந்து நிமிட இடைவேளை. ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. ஊரில் பதினாறு அணி வந்துவிட்டால் இதன்படி ஆடி முடிக்க விடிந்துவிடும், பாதிக்குப் பத்து நிமிடம் என்று குறைத்துக்கொள்ளலாம். எதைக் குறைத்தாலும் முதல் ஆட்டத்திலிருந்து இறுதி ஆட்டம் வரை ஒரே மாதிரி இருக்கட்டும். போனஸ் உண்டா, சமநிலை வந்தால் ஆளுக்கு ஐந்து ரெய்டா, இதையெல்லாம் கேப்டன்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

எடைப் பிரிவு வைத்தால் ஒரே தராசு, ஒரே இடம். ரைஸ் மில் தராசில் ஒருவன், வீட்டு மிஷினில் ஒருவன் என்றால் சண்டை நிச்சயம். சட்டையைக் கழற்றி, எதிரணிக் கேப்டன் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்க்க, எடை எடுக்க வேண்டும்.

பெரிய தலைவலி, காசுக்கு ஆடும் வெளியூர் ஆள். இரண்டு பேரை இறக்குமதி செய்து ஓர் அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனால், வருஷம் பூராவும் சாயங்காலம் பழகிய உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மனசு விட்டுப்போகும். உள்ளூர் அணிகளுக்கு ஒரு போட்டி, திறந்த போட்டி ஒன்று என்று பிரித்துவிடுங்கள். உள்ளூர்ப் போட்டிக்கு ஆதார் அட்டையில் ஊர் முகவரி இருக்க வேண்டும்.

பெண்கள் கபடியை வெயில் நேரத்தில் ஒப்புக்கு ஒன்று நடத்திவிட்டு, விளக்கு போட்டு ஆண்கள் ஆட்டத்தைப் பெரிதாக நடத்துவது பல ஊரில் வழக்கமாக இருக்கிறது. இரண்டு இறுதி ஆட்டத்தையும் அடுத்தடுத்து, ஒரே விளக்கில் வையுங்கள், பரிசுத் தொகையும் ஒன்றாக இருக்கட்டும்.

முதலுதவிப் பெட்டி, ஐஸ், தயாராக ஒரு வண்டி வேண்டும். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டு விழுந்தவரை நாலு பேர் சேர்ந்து தூக்கி உட்கார வைக்கவே கூடாது. அசைக்காமல் 108-க்குச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகள் போட்டியில் வயதை எப்படிச் சரிபார்ப்பது?

வயதைக் கேட்காதீர்கள், வகுப்பைக் கேளுங்கள். கூடப் படிக்கிற பிள்ளைகளே "டேய், அவன் ஆறாவதுடா" என்று சொல்லிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குக் கலந்துகொண்ட எல்லாருக்கும் பென்சில் பெட்டியோ டிபன் பாக்ஸோ ஏதாவது ஒன்று கையில் கொடுத்து அனுப்புங்கள். அதற்கு மேல் உள்ளவர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்றே இருக்கட்டும்.

மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டியைச் சில ஊர்களில் விட்டுவிட்டார்கள். தயவுசெய்து திரும்பக் கொண்டுவாருங்கள். கடைசியாக வருகிறவர் ஜெயிக்கும் போட்டி அது. கால் ஊன்றினால் அவுட், கோட்டைத் தாண்டினால் அவுட். ஓட்டத்தில் எப்போதும் பின்தங்கும் பிள்ளை இதில் அசராமல் ஜெயிப்பதைப் பார்க்கலாம்.

உறியடி, வழுக்கு மரம் வைக்கலாமா?

தாராளமாக. தஞ்சாவூர்ப் பக்கம் உறியடி என்றாலே வரகூர்தான் நினைவுக்கு வரும். குடமுருட்டிக் கரையில் இருக்கும் அந்த ஊரில் கோகுலாஷ்டமிக்கு உறியடியும் வழுக்கு மரம் ஏறுவதும் உற்சவத்தின் பகுதி. நாராயண தீர்த்தர் கிருஷ்ண லீலா தரங்கிணி இயற்றிய ஊரும் அதுதான். அங்கே அது பெருமாளுக்கான விழா, உங்கள் திடலில் அது விளையாட்டு. இரண்டிலும் கவனம் ஒன்றுதான்.

கண்ணைக் கட்டி அடிக்கும் உறியடியில் கம்பு வீச்சு எட்டாத தூரத்தில் சுற்றிலும் கயிறு கட்டுங்கள், குழந்தைகள் உள்ளே ஓடிவிடுவார்கள். பானை மண் பானையாக இருக்கட்டும், உடைந்த ஓட்டை உடனே பொறுக்கிவிட வேண்டும், அடுத்து வருகிறவர் வெறுங்காலோடு வருவார். வழுக்கு மரத்துக்கு விளக்கெண்ணெய், சோற்றுக் கற்றாழை தடவினால் போதும், கிரீஸ் வேண்டாம். அடியில் வைக்கோலைத் தாராளமாகப் பரப்புங்கள். அறுப்பு தொடங்கிய காலத்தில் வைக்கோலுக்கா பஞ்சம்?

மாட்டு வண்டிப் பந்தயம், ஜல்லிக்கட்டு?

ஒரு மன்றம் தானாக முடிவு செய்து நடத்தும் விஷயம் இல்லை இது. ஜல்லிக்கட்டை 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்தது, 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று சொன்னது. அந்தச் சட்டப்படி ஜனவரியிலிருந்து மே வரை, அரசு அறிவித்த இடத்தில்தான் நடத்தலாம். மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா எல்லாம் அதற்குள் அடங்கும். நம் பக்கத்தில் தஞ்சாவூரை அடுத்த திருக்கானூர்பட்டி, மாதாக்கோட்டை போன்ற மேட்டுப் பகுதி ஊர்கள்தான் ஜல்லிக்கட்டுக்குப் பேர் போனவை. வயல் ஊர்களில் அந்த வழக்கம் குறைவு, புதிதாக ஆரம்பிக்க வேண்டிய தேவையும் இல்லை.

வண்டிப் பந்தயம் பார்க்க ஆசை என்றால் காணும் பொங்கலன்று திருக்கடையூருக்குப் போங்கள். தரங்கம்பாடிச் சாலையில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் எல்கைப் பந்தயத்தில், அதாவது குறித்த எல்லை வரை ஓடும் வண்டிப் பந்தயத்தில், பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு என்று பிரித்து விடுவார்கள். கபடியில் எடை பார்க்கிற அதே நியாயம் அங்கே மாட்டுக்கும் உண்டு. பைக்கில் கூடவே விரட்டிக்கொண்டு போகாதீர்கள், மாடும் மிரளும், உங்களுக்கும் ஆபத்து.

பேச்சுப் போட்டி, பட்டிமன்றம் நடத்தினால் கூட்டம் வருமா?

வரும், நேரம் சரியாக இருந்தால். கபடிக்கும் பரிசளிப்புக்கும் நடுவே வையுங்கள். மாணவர்களுக்கு ஆளுக்கு நான்கு நிமிடம், மூன்றாவது நிமிடத்தில் ஒரு மணி, நான்கில் இரண்டு மணி. அமைச்சர் வீட்டுப் பேரனாக இருந்தாலும் அந்த மணிதான்.

இந்த மண்ணுக்கு இது புதிதில்லை. காவிரி கடலில் சேரும் இடத்தில் இருந்த புகாரில், வாதம் செய்ய வரும்படி அறைகூவி ஆசிரியர்கள் கொடி கட்டியிருந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசு அறைகிறவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தின் முறை தெரிந்து ஏறச் சொல்கிறான். பகைவரிடத்திலும் கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்றும் சொல்கிறான். விழா தொடங்கும் முன்பே, முரசு அடித்து, எல்லார் காதிலும் விழும்படி விதியைச் சொல்லிவிடுகிறார்கள் பாருங்கள். நம்மிடம் முரசுக்குப் பதில் மைக் செட் இருக்கிறது.

பட்டிமன்றத் தலைப்பாக "மாமியாரா மருமகளா" வேண்டாமே. கேட்டுக் கேட்டுச் சலித்தது. நடவு ஆளா நடவு மெஷினா, ஆற்றுப் பாசனமா போர் செட்டா, படித்த பிள்ளை ஊரில் இருக்க வேண்டுமா வெளியே போக வேண்டுமா என்று வையுங்கள். திண்ணையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வாக்குவாதம்தான், மேடைக்கு வரட்டும். விவசாயம் பார்க்கும் பெண்களைப் பேச வையுங்கள். நடவு வயலில் அவர்கள் பேசுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், எந்தப் பேச்சாளரும் பக்கத்தில் நிற்க முடியாது.

தீர்ப்பை ஏற்க மாட்டோம் என்று ஓர் அணி திடலில் உட்கார்ந்துவிட்டால்?

மைக்கைக் கீழே வைத்துவிடுங்கள். மைக்கில் பதில் சொல்லத் தொடங்கினால் ஊர்ச் சண்டை ஆகிவிடும். புகாரை எழுதி வாங்குங்கள், எழுதும்போதே பாதிக் கோபம் இறங்கும். நடுவர் தாள்களை அந்த அணிக் கேப்டனிடம் காட்டுங்கள். மறைக்க ஒன்றும் இல்லை என்றால் காட்டுவதில் என்ன? கூட்டலில் தப்பு இருந்தால் அதே இடத்தில் அறிவித்துத் திருத்துங்கள். தப்பு இல்லையென்றால் தீர்ப்பு நிற்கும். சமாதானத்துக்காக இருவருக்கும் முதல் பரிசு என்று அறிவிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உட்கார்ந்து அடம்பிடித்தால் பரிசு கிடைக்கும் என்று அடுத்த வருஷம் எல்லாரும் உட்காருவார்கள்.

பரிசு என்ன கொடுக்கலாம்? கூப்பன் விற்றுக் குலுக்கல் நடத்திப் பணம் சேர்க்கலாமா?

குலுக்கல் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை, காசு வாங்கிக்கொண்டு குலுக்கல் நடத்துவது வீண் வம்பு. உபயமும், வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரில் வசூலிக்கும் வரியும் போதும்.

பரிசுக்கு எவர்சில்வர்தான் என் ஓட்டு. பிளாஸ்டிக் கோப்பை இரண்டு வருஷத்தில் பரணுக்குப் போய்விடும். தூக்கும் தட்டும் நாற்பது வருஷம் புழங்கும். பாத்திரக் கடையில் சொன்னால் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள், ஊர்ப் பெயர், போட்டி, வருஷம் மூன்றையும் போடச் சொல்லுங்கள். பல வீடுகளில் அம்மா பள்ளிக்கூடத்தில் ஓடி வாங்கிய தட்டில்தான் பிள்ளைகள் இன்னமும் சாப்பிடுகிறார்கள்.

கணக்கை யாருக்குக் காட்ட வேண்டும்?

ஊருக்கு. ஒரு வாரத்துக்குள் வரவு செலவை எழுதி, கோயில் சுவரிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த வருஷத்துக்கு எடுத்து வையுங்கள், பார்ட்டி வைக்காதீர்கள்.

ஊரில் ஜெயித்த பிள்ளையை அடுத்து எங்கே அனுப்பலாம்?

நிறைய இடம் இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைக்குப் பள்ளி, கல்லூரி மாணவர்கள், பொதுமக்கள், மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர்கள் என்று ஐந்து பிரிவு. மாவட்ட அளவில் ஜெயித்து மாநில அளவுக்குப் போகலாம், தனிநபர் போட்டியில் மாநில முதல் பரிசு 1 லட்சம் ரூபாய். பாட்டு, நடனம், ஓவியம் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கல்வித் துறை 2022-23-லிருந்து கலைத் திருவிழா நடத்துகிறது. பேச்சு வருமென்றால் தலைவர்கள் பிறந்தநாளை ஒட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்தும் போட்டிகளுக்கு அனுப்புங்கள். முதல் மூன்று பரிசு 5,000, 3,000, 2,000 ரூபாய், அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குச் சிறப்புப் பரிசும் உண்டு. 1330 குறளையும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு அதே துறையின் முற்றோதல் பரிசு 15,000 ரூபாய்.

கபடி என்றால் மன்னார்குடிப் பக்கத்து வடுவூரைப் பாருங்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் கபடி அணியில் அந்த ஊர் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், விளையாட்டுக்கு ஆன்லைனில். திறமை இருந்தும் கடைசித் தேதி தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடும் பிள்ளைகள் நம் ஊர்களில் ஏராளம். ஆதார் நகல், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிப் புத்தக நகல், இரண்டு போட்டோ இவற்றைப் பரிசளிப்பு முடிந்த வாரமே வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொள்ள மன்றத்தில் ஒருவரை நியமியுங்கள். அவர் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு மாதம் ஒரு தடவை போன் செய்து கேட்டால் போதும்.